உட்துறைமுக வீதியில் ஒரு குரல் சேர்வர்

கணினியில் விளையாடுவோர் தமக்குள் கதைப்பதற்கென 2005இல் வந்த இலவசத் திறந்தமூல மென்பொருள் மம்பிள். திருகோணமலை உட்துறைமுக வீதி வீடொன்றில் அதன் சேர்வரை நடத்த, உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியே போதும். சேர்வர் குரல்களைக் கலப்பதில்லை. ஒருவர் பேசுவதை மற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பும். ஆகவே பத்துப்பேர் கூடினால், இணைப்பின் பதிவேற்ற வேகமே சோதனைக்குள்ளாகும். 2012இல் தரநிலையான ஓப்பஸ் குறிமுறை குரலைச் சுருக்கி அந்தச் சுமையைக் குறைக்கிறது.

மம்பிளின் அழகு ஒழுங்கில்தான். துறைமுகக் கப்பல்கள் 16ஆம் அலைவரிசையில் அழைத்து, பதில் கிடைத்ததும் வேறொன்றுக்கு மாறுவதுபோல, இங்கும் பொது அறையில் கூடி அணி அறைகளுக்குப் பிரிகிறார்கள். பொத்தானை அழுத்தினால் மட்டுமே குரல் போகும்படி அமைக்கலாம். வீட்டு மின்விசிறியின் இரைச்சலை எவரும் கேட்கவேண்டியதில்லை. ஆதரவுள்ள விளையாட்டுகளில் தோழர் நிற்கும் திசையிலிருந்தே அவர் குரல் வரும். இதற்காகவே மம்பிளை மெச்சலாம்.

வெளியிலிருந்து நண்பர்கள் சேர்வரை அடைய, ரூட்டரில் 64738ஆம் போர்ட், டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறந்திருக்கவேண்டும்; பொது ஐபி முகவரியும் வேண்டும். ஆனால் கைபேசி வலையமைப்பு வழியான வீட்டு இணைப்புகள் பலவற்றில் அந்த முகவரி கிடைக்காது. இணைப்பு எடுக்குமுன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.