யார் கையில் துப்பாக்கி 'பண்பாடு' ஆகிறது?

துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் வளர்ந்த பண்பாடுதான் தீர்மானிக்கிறது என்றொரு வாதம் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக்காரனுக்கு 1791ஆம் வருஷத்து இரண்டாவது திருத்தம், நமக்கு அகிம்சை என்று சுலபமாகப் பிரித்துவிடுகிறார்கள். எதற்குப் பண்பாடு என்று பெயர், எதற்குக் குற்றம் என்று பெயர், பெயர் வைக்கிற அதிகாரம் யாருடையது என்பதை இந்தச் சொல்லாடல் கேட்பதே இல்லை.

ஒடுகத்தூரிலிருந்து பார்ப்போம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டுப் பக்கமிருந்து மலைசனம் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு இறங்கி வருகிறது. சாமைக் கொல்லையில் ராத்திரிக் காவல் இருக்கிறவனுக்கு நாட்டுத் துப்பாக்கி, மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். கீழே வந்தால் அதே சாமானுக்குப் பெயர் 'கள்ளத் துப்பாக்கி'. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பையன், 'எதுக்கு வம்பு, போலீசுல ஒப்படைச்சிடு' என்பான். 'பன்னி வந்தா நீ வந்து ஓட்டுவியா?' என்பார் அப்பா. ஒரே வீடு, ஒரே சாமி, ஒரே பண்பாடு. கருத்து மட்டும் வேறு. பிழைப்பு வேறு என்பதால்.

2025இல் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுட ஒரு வழி திறந்தது: காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, அதுவும் வனத்துறைதான் சுடணும். காட்டுக்குள்ளேயே கொல்லை வைத்திருக்கிறவன் எந்தக் கணக்கில் வருகிறான்?

இப்போது குடகுக்குப் போவோம். 1857க்குப் பிறகு ஊர் ஊராக ஆயுதத்தைப் பறித்த வெள்ளையன், 1861இல் விசுவாசத்துக்காகக் குடகருக்கு விலக்குக் கொடுத்தான். லிட்டனின் 1878 ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேணும், ஐரோப்பியனுக்கு வேணாம் என்றது. அந்தப் பாகுபாடு ஒழிந்தது, குடகு விலக்கு தங்கிவிட்டது. 2019இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள், 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் அங்கே துப்பாக்கிக்குப் பூச்சூட்டுகிறார்கள். அது மரபு. ஜவ்வாது மலையில் பரணில் கிடப்பது வழக்கு.

அமெரிக்கக் கதையும் அவ்வளவு நேரானதில்லை. 1865இல் மிசிசிப்பி, விடுதலையான கறுப்பர் உரிமமில்லாமல் துப்பாக்கி வைக்கத் தடை போட்டது. கறுஞ்சிறுத்தைகள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியதும் 1967இல் கலிபோர்னியா அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. 'துப்பாக்கிப் பண்பாடு' என்பது அங்கே வெள்ளைத்தோலின் பண்பாடு.

நம் அகிம்சையும் இப்படித்தான். 1968 டிசம்பர் 25, வெண்மணியில் 44 பேரை எரித்த கும்பல் துப்பாக்கிகளோடு வந்தது. 1995இன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் மற்றவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிமம் தரலாம் என்கிறது. காந்தியம் பேசுகிற நண்பர்கள் இந்த விதியைப் படித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எல்லார் கையிலும் துப்பாக்கி கொடு என்று நான் சொல்லவில்லை. அது யாரிடமிருந்து முதலில் பறிக்கப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. தற்காப்பு என்றது போலீஸ்.