7.7 என்ற எண் எதைச் சொல்கிறது?

கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் ஒரு தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார். போட்டுக்கொள்வதா, வேண்டாமா? கேள்வி சிறியது, ஆனால் விடை காண்பதற்குள் வீடே கூடிப் பேசிவிடுகிறது. இரண ஜன்னித் தடுப்பூசியை நம் நாட்டுத் தாய்மார்கள் பெரும்பாலும் தயக்கமின்றி ஏற்கின்றனர். ஃப்ளூ சுரத்துக்கான ஊசி என்றால்தான் அச்சம் எழுகிறது. இந்த அச்சத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. ஜேம்ஸ் டொனஹியூ முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய அவ்வாய்வு 2017 செப்டம்பரில் ‘வாக்சின்’ என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. உடனே அந்நாட்டு நாளிதழ்களிலும் செய்தியாயிற்று.

அதில் வரும் ஓர் எண் 7.7. அந்த எண்ணின் பொருள் யாது, அதை நம்பி ஒருவர் முடிவெடுக்கலாமா என்பதை இங்கே ஆராய்வோம். மருத்துவப் பொருள் பற்றி இயற்பியல் ஆசிரியன் பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அளவீடும் அதன் பிழையும் எல்லா அறிவியல்களுக்கும் பொதுவானவை அன்றோ!

ஆய்வு நடந்த விதம்

அமெரிக்காவில் பல மருத்துவ அமைப்புகளின் பதிவேடுகளை ஒன்றிணைத்துத் தடுப்பூசிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஏற்பாடு 1990இல் தொடங்கப்பட்டது. அப்பதிவேடுகளிலிருந்து 2010–11, 2011–12 ஆகிய இரு ஃப்ளூ பருவங்களில் கருச்சிதைவு நேர்ந்த 485 பெண்களை ஆய்வாளர்கள் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் இணையாக, ஏறக்குறைய அதே நாள்களில் கருவுற்றுக் கரு சிதையாத ஒருவராக இன்னும் 485 பேரை எடுத்துக்கொண்டனர். கருச்சிதைவு நேர்ந்த நாளுக்கு முந்தைய 28 நாள்களுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரு குழுக்களிலும் எத்தனை பேர் என்று ஒப்பிட்டனர். இணைப் பெண்களுக்கும் அதே காலக்கட்டம் கணக்கிடப்பட்டது. சிதைவு நேர்ந்த குழுவில் வயதில் மூத்தவர்களும், முன்பே கருச்சிதைவுகள் கண்டவர்களும் மிகுதியாக இருந்தனர். அந்த வேறுபாடுகளுக்குக் கணக்கில் ஈடு செய்தனர்.

விடை ஒரு விகிதமாக வருகிறது. அது 1 என்றால் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆய்வில் கிடைத்தது 2.0. முந்தைய பருவத்திலும் 2009ஆம் ஆண்டின் எச்1என்1 வைரஸுக்கான கூறு அடங்கிய ஊசியைப் போட்டிருந்தவர்களை மட்டும் தனியே பிரித்தபோது கிடைத்ததுதான் 7.7. அவ்வாறு போடாதவர்களுக்கு 1.3.

எண்ணின் இரு எல்லைகள்

செய்திகளில் 7.7 இடம்பெற்றது. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 2.2 முதல் 27.3 வரை என்று இரு எல்லைகள் இருந்தன. இதே அளவில் ஆய்வைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் இவ்வாறு எல்லைகள் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 முறை உண்மை மதிப்பு எல்லைகளுக்குள் அகப்படும் என்பது இதன் பொருள். கீழ் எல்லையைப் போல் மேல் எல்லை 12 மடங்குக்கும் மேல்! ஒரு கம்பியின் நீளத்தை அளந்து, ‘2 செ.மீ. ஆகவும் இருக்கலாம், 27 செ.மீ. ஆகவும் இருக்கலாம்’ என்று எழுதும் மாணவரிடம் நாம் என்ன சொல்வோம்?

எல்லைகள் இவ்வளவு விலகி நிற்பதேன்? கெய்கர் எண்ணியைக் கையாண்ட மாணவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். 100 துடிப்புகள் எண்ணினால் புள்ளியியல் பிழை அதன் வர்க்கமூலமாகிய 10. அதாவது நூற்றுக்கு 10. வெறும் 4 துடிப்புகள் எண்ணினால் பிழை 2. அதாவது நூற்றுக்கு 50. எண்ணிக்கை குறையக் குறையப் பிழையின் பங்கு பெருகும். 970 பேர் கொண்ட ஆய்வு பெரிதாகத் தோன்றுகிறது. ஆயின் 28 நாள்களுக்குள் ஊசி போட்டவர்கள், அவர்களுள் முந்தைய பருவத்திலும் போட்டவர்கள், அவர்களுள் சிதைவு நேராதவர்கள் என்று சலித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 7.7 இந்தச் சிலரைச் சார்ந்து நிற்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. முந்தைய பருவத்து ஊசியைக் கொண்டு பிரித்துப் பார்த்தது, விவரங்களைச் சேகரித்த பின்னர் செய்யப்பட்ட பகுப்பு. ஒரு வகுப்பின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்வாரியாக, வயதுவாரியாக, பிறந்த கிழமைவாரியாக எனப் பிரித்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு கிழமையில் பிறந்தவர்கள் தேர்வில் மோசம் என்று தோன்றத்தான் செய்யும். அதைக் கண்டவுடன் கிழமையே காரணம் என்று கூறமாட்டோம். அடுத்த ஆண்டு வகுப்பிலும் அவ்வாறே இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. இந்த ஆய்வு காரண காரியத் தொடர்பை நிறுவவில்லை, நிறுவவும் இயலாது. மேலும் ஆராய வேண்டும் என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதினர். எதிர்பாராத முடிவு கிடைத்ததும் அதை வெளியிட்டது அவர்களுடைய நேர்மை. எல்லைகளையும் எச்சரிக்கையையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் சென்றவர்களிடத்தில்தான் குற்றம் காண வேண்டும்.

மீண்டும் அளந்தபோது

ஐயமான அளவீட்டுக்கு மருந்து மறு அளவீடு. அதே பதிவேடுகளைக் கொண்டு 2012–13 முதல் 2014–15 வரையிலான மூன்று பருவங்களை அவர்களே ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். இம்முறை 1,236 இணைகள். முன்னதைப் போல் இரண்டரை மடங்கு. அந்தப் பருவங்களின் ஊசிகளிலும் அதே எச்1என்1 கூறு இருந்தது. ஆகவே சோதனை பொருத்தமானதே. கிடைத்த விகிதம் 0.8, எல்லைகள் 0.6 முதல் 1.1 வரை. முந்தைய பருவத்திலும் ஊசி போட்டவர்களுக்கு 0.9, எல்லைகள் 0.6 முதல் 1.5 வரை. 7.7 போன்ற பெரிய விளைவு மெய்யாக இருந்திருந்தால் இங்கு அது தலைகாட்டாமல் போகாது.

இதையும் அளவோடு படிக்க வேண்டும். தீங்கு அறவே இல்லை என்று 2019ஆம் ஆண்டு ஆய்வு மெய்ப்பித்துவிடவில்லை. மேல் எல்லை 1.5 வரை செல்கிறது. எந்த அளவீடும் சுழியை மெய்ப்பிக்காது. பெரிய தீங்கு இல்லை என்று காட்டுவதே அதனால் இயலும். அதை அது செய்திருக்கிறது. ‘ஒன்றுமே இல்லை, கேள்வி கேட்காதீர்கள்’ என்று தாய்மார்களை வாயடைப்பதும், 7.7 என்று அச்சுறுத்துவதும் ஒரே வகைப் பிழைதான்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. உறுதி செய்யப்பட்ட கருக்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், சிதைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள். அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறு. ஆகவே ஊசி போட்ட சில நாள்களில் சிதைவு நேர்ந்த பெண்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். ‘நீ ஊசி போட்டதால்தான்’ என்று அவர்களிடம் கூறுவது அறிவியலும் அன்று, இரக்கமும் அன்று.

தராசின் மறு தட்டு

ஊசியை மறுப்பதால் ஆபத்தே இல்லாத நிலைக்குப் போய்விடுகிறோமா? இல்லை. 2009ஆம் ஆண்டு எச்1என்1 கொள்ளைநோயின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கருவுற்ற பெண்கள் நூற்றுக்கு 1 அளவே இருந்தனர். இறந்தவர்களிலோ நூற்றுக்கு 5. கருக்காலத்தில் இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே மிகுதியாக உழைக்கின்றன. அப்போது வரும் நுரையீரல் அழற்சியைத் தாங்குவது கடினம். பிறந்து 6 மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடுவதற்கில்லை. தாயின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தைக்குக் காவலாக நிற்கின்றன. வங்காள தேசத்தில் 340 தாய்மார்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுள் 6 பேருக்கும், மற்றவர்களின் குழந்தைகளுள் 16 பேருக்கும் ஃப்ளூ உறுதியானது. இதுவும் சிறிய எண்ணிக்கைதான். எனினும் 2014இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில் 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் பங்கேற்றனர். நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, தாய்க்கும் சேய்க்கும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. வங்காள தேசத்தில் ஊசி போட்டது கடைசி மூன்று மாதங்களில். தென்னாப்பிரிக்காவில் 20 வாரங்களுக்குப் பிறகு. கருச்சிதைவு பற்றிய ஐயமோ முதல் மாதங்களைப் பற்றியது. ஆக, நன்மைக்கான சான்று ஒரு காலத்தையும் அச்சத்துக்கான சான்று வேறொரு காலத்தையும் சார்ந்தவை. பரிந்துரைகள் இவ்விரண்டையும் பிரித்துச் சொன்னால் தாய்மார்களின் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே ஒரு பெண் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: இது எத்தனையாவது வாரம்? ஃப்ளூ பருவம் இப்போது உச்சத்தில் இருக்கிறதா, வர இன்னும் நாளாகுமா? எனக்கு ஆஸ்துமா, இதய நோய் போன்றவை உண்டா? போடப்போவது செயலிழந்த வைரஸால் ஆன ஊசிதானே? (உயிருள்ள வைரஸ் அடங்கிய மூக்குத் தெளிப்பு கருவுற்றவர்களுக்கு உரியதன்று.) சுரம் ஊரில் பரவிக்கொண்டிருக்கையில் மூன்று மாதம் கழியட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்தைத் தேர்ந்துகொள்வதே. பருவம் தொலைவில் இருந்து, மனம் முதல் மாதங்களில் ஒப்பவில்லையெனில், மருத்துவருடன் பேசிப் பின்னர் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். இதுவரை அளந்தவற்றைக் கொண்டு பார்த்தால் தராசு ஊசியின் பக்கமே தாழ்கிறது. இனி யாரேனும் 7.7 என்று சொன்னால், அதன் எல்லைகள் என்ன, மறுபடி அளந்தார்களா என்று மாணவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.