மலை இறக்கத்தில் சாய்விருக்கை சைக்கிள்: நிலைத்தன்மையும் பாதுகாப்பும்

சாய்விருக்கை சைக்கிளில் (ரிகம்பன்ட்) ஓட்டுபவர் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கிறார். காற்றை எதிர்கொள்ளும் உடற்பரப்பு குறைவதால் அதே உழைப்பில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. 1933இல் பாரிசில் பிரான்சிஸ் போர், சார்ல் மோசே வடிவமைத்த ‘வெலோகார்’ வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இவ்வகை வண்டிகளைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. சமதளத்தில் ஆதாயமாக இருக்கும் இந்தக் காற்றுச் சலுகைதான் மலை இறக்கத்தில் ஆபத்துக்கும் வழி திறக்கிறது.

வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்றும், சரிவு 8 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பிரேக் பிடிக்காத சாதாரண சைக்கிள் மணிக்கு 65 கி.மீ. அளவில் காற்றுத் தடையால் நிலைபெறும். சாய்விருக்கை சைக்கிள் 85 கி.மீ.யைத் தாண்டும். மோதலின் கடுமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்த வேறுபாடு இயக்க ஆற்றலை ஏறக்குறைய முக்கால் பங்கு கூட்டிவிடுகிறது.

இவ்வண்டியின் முதன்மையான பலம் பிரேக் பிடிப்பதில் தெரிகிறது. சாதாரண சைக்கிளில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கி, ஆள் தலைகுப்புற விழக்கூடும். சாய்விருக்கை வண்டியில், குறிப்பாகச் சக்கர இடைவெளி நீண்ட வகையில், எடை தாழ்வாகவும் பின்தள்ளியும் இருப்பதால் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. விழுந்தாலும் உயரம் குறைவு. தலைக்கு முன் காலோ இடுப்போ தரையில் படும் வாய்ப்பே அதிகம்.

குறைகளோ ஓட்டுபவர் உட்காரும் விதத்திலேயே தொடங்குகின்றன. சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து எழுந்து முழங்கால்களால் அதிர்வை வாங்கிக்கொள்ளலாம். அதிவேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கினால் குறுக்குக் குழாயை முழங்கால்களால் இறுக்கி ஆட்டத்தை அடக்கலாம். சாய்ந்திருப்பவருக்கு இவ்விரண்டும் இயலாது. அடி நேராக முதுகுக்கு வருகிறது. பல வண்டிகளில் முன்சக்கரம் 20 அங்குலமே என்பதால் பள்ளத்தில் அது ஆழமாக இறங்கும். கண்மட்டம் தாழ்ந்திருப்பதால் சாலையில் கிடக்கும் ஜல்லியும் குழியும் தாமதமாகவே தெரியும். எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கும் இவ்வண்டி எளிதில் தெரியாது.

கூடு பொருத்திய வண்டிகளுக்குப் பக்கக்காற்று பெரும் பகை. அமெரிக்காவின் பேட்டில் மவுண்டனில் 2016இல் டாட் ரைகெர்ட் இத்தகைய வண்டியில் மணிக்கு 144.17 கி.மீ. எட்டியது ஏறக்குறைய நேரான, சமமான சாலையில். மலைச்சரிவுக் காற்றும் வளைவுகளும் அங்கே இல்லை. ஆகவே அந்தச் சாதனையை இறக்கத்துக்கான பாதுகாப்புச் சான்றாகக் கொள்வது தவறு.

மூன்று சக்கர வகை கீழே சாயாது என்பது பாதி உண்மையே. வளைவில் இரு சக்கர வண்டி உட்பக்கம் சாய்ந்து சமன் செய்கிறது. மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை, எனவே வெளிப்பக்கம் கவிழப் பார்க்கிறது. முன்னிரு சக்கரங்களுக்கு இடையே 75 செ.மீ. உள்ள வண்டி, 8 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 25 கி.மீ.யை நெருங்கும்போதே உட்சக்கரம் தூக்கக்கூடும். ஓட்டுபவர் உடலை உட்பக்கம் சரித்தால் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இந்தக் கணக்கு திருப்பத்துக்குத் திருப்பம் முன்நிற்கும். மிதிகட்டையிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி அதன்மேல் ஏறி எலும்பை முறிக்கலாம். காலைப் பிணைக்கும் மிதிகட்டை இங்கே கட்டாயம்.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. மேற்சொன்ன அதே சரிவில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் இறங்க, சாதாரண சைக்கிளைவிடச் சாய்விருக்கை சைக்கிளின் பிரேக்குகள் கால் பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். காற்று செய்யாத வேலை பிரேக்கின் மேல் விழுகிறது. சிறிய ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் சூடு விரைவில் ஏறி டியூப் வெடிக்கலாம். நீண்ட இறக்கத்துக்குப் பெரிய தட்டுகொண்ட டிஸ்க் பிரேக்கே தகும்.

பழவேற்காடு ஏரியையொட்டிய கோட்டைக்குப்பம் போன்ற சமதளக் கரையோரங்களில் இவ்வண்டிக்கு இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை இல்லை. கடற்காற்று ஒன்றே பொருட்படுத்தத்தக்கது. மலைப்பாதையில் இது தன்னளவில் ஆபத்தான வண்டி அன்று. பிரேக் பிடிக்கையில் சாதாரண சைக்கிளைவிட உறுதியானதும்கூட. ஆனால் அந்த உறுதி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பவருக்கு மட்டுமே பயன்படும். பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே இவ்வண்டிக்கு உரிய உச்ச வேகம்.