வருத்தம் போதாது என்றார்கள்

எங்க தாத்தா ஆச்சியிடம் மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததே இல்லை. ராத்திரி பெரிய சண்டை நடந்திருக்கும். காலையில் சந்தைக்குப் போய் ஒரு கூறு சாளை வாங்கிவந்து அடுக்களைப் படியில் வைப்பார். ஆச்சி அதை எடுத்துக் கழுவ உட்கார்ந்தால் விஷயம் முடிந்தது. எடுக்காவிட்டால் பூனைக்கு யோகம். 'மன்னிப்பு' என்ற சொல்லையே நான் பாடப்புத்தகத்தில்தான் பழகினேன்.

அந்தச் சொல்லை அரசு அலுவலகத்தில் எழுதி வாங்கியது 2015 ஜனவரி 12 அன்று, நாமக்கல்லில். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் எங்க ஊர் நாகர்கோவிலின் காலச்சுவடு வெளியிட்ட நாவல். நாலு வருஷம் யாருக்கும் உறுத்தவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பிரதிகளை எரித்தார்கள். பிறகு போராட்டம், கடையடைப்பு, கடைசியில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'.

அங்கே நடந்ததை ஒரு சொல் பற்றிய தகராறாகவே நான் வாசிக்கிறேன். எழுத்தாளர் தரப்பின் முதல் வாசகம் வருத்தம் தெரிவித்தது. அது போதாது என்றார்கள். 'நிபந்தனையற்ற மன்னிப்பு' வேண்டுமாம். வருத்தம் என்பது உங்கள் மனம் புண்பட்டதைப் பற்றியது. மன்னிப்பு கேட்டால் நான் செய்ததே தப்பு என்று ஆகிவிடும். பிள்ளையில்லாத காளியையும் பொன்னாவையும் எழுதியதே குற்றம் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தன் ஊர்த் திருவிழாவை அப்படி வாசித்த ஒருவர் நிஜமாகவே புண்பட்டிருக்கலாம். அவர் தனியாக வந்து எழுத்தாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் சார் இப்படி எழுதுனீங்க" என்று கேட்டிருந்தால் வருத்தம் என்ற சொல்லே நிறைவாக இருந்திருக்கும். வெளியே கூட்டமும் உள்ளே அதிகாரியும் இருக்கையில் எந்தச் சொல்லும் சரணாகதிதான். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.

அதற்குப் பின் ஃபேஸ்புக்கில் அவர் எழுதியதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆவணத்துக்கான உரை. எழுத்தாளன் இறந்துவிட்டான், ஆசிரியர் மட்டுமே மிச்சம் என்று அறிவித்தார். மன்னிப்பு கேட்டவன் அதன்பிறகு பழையபடி நம்மோடு இருக்க முடிய வேண்டாமா? மீனை வைத்த தாத்தா மத்தியானம் அதே வீட்டில்தான் சோறு தின்பார். இங்கே கேட்டவனே இல்லாமல் போனான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது, கோழைத்தனம் என்று ஒரு பதிவு போட்டேன். நாற்பது லைக் வந்தது. குடும்பத்தோடு அந்த ஊரில் வாழ வேண்டியவர் அவர். நான் பஸ் ஏறக்கூட வேண்டியதில்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. சொல் அதேதான், தாளும் அதேதான். அது எங்கே, எப்படி வாங்கப்பட்டது என்பதை நீதிபதிகள் பார்த்தார்கள். நம் இலக்கிய உலகில் பலர் அதைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அதே வருஷம் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. கடையில் எடுத்துப் பார்த்தேன். அட்டையில் 'கோழையின் பாடல்கள்' என்றிருந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பழைய பதிவைத் தேடினேன். அழிப்பதா, அடியில் ஏதாவது எழுதுவதா என்று புரியவில்லை. வருத்தம் என்று தட்டிப் பார்த்தேன். போதவில்லை.