புண்படுத்தாத நகைப்பு

ஈசாக்கு என்னும் பெயருக்கு 'அவர் நகைக்கிறார்' என்பது பொருள். நகைப்பு இறைவனின் கொடையே. அது யாரை நோக்கிப் பாய்கிறது என்பதே வினா.

கிரேசி மோகன் (1952–2019) பொறியியல் பயின்றவர். 1976-இல் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகமே அவருக்கு அடைமொழி தந்தது. மேடை, திரை, தொலைக்காட்சி மூன்றிலும் எழுதினார். பிறர் உருவத்தையும் உடற்குறையையும் இகழ்ந்து கைதட்டல் பெறுவோரிடையே, அவர் பெரும்பாலும் சொல்லையே நம்பினார். ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகக் கொள்வார். அங்கே இடறி விழுவது சொல், மனிதர் அல்லர்.

குறையும் உண்டு. அவர் காட்டிய நடுத்தர இல்லங்களில் ஏழையின் பசி வாயிற்படியைத் தாண்டுவது அரிது. எனினும், எவரையும் சிறுமைப்படுத்தாமல் குடும்பமாகக் கூடிச் சிரிக்கலாம் என்று காட்டியது சிறு தொண்டன்று.

அன்பர்களே, தொலைக்காட்சி முன் சிரிக்கையில், இச்சிரிப்புக்கு இரையாவது யார் எனக் கேட்போம்.