புகையைக் கண்டால் போதுமா?

அமெரிக்க, பிரித்தானியப் பள்ளிகள் பலவற்றின் கழிப்பறைக் கூரைகளில் இன்று மின்சிகரெட் புகையை உணரும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. காற்றிலுள்ள நுண்துகள்களையும் இரசாயன ஆவிகளையும் அளந்து அவை எச்சரிக்கின்றன. வாசனைத் தெளிப்புக்கும் சிலவேளை அலறுகின்றன. மாணவன் ஏன் புகைத்தான், விற்று இலாபமடைந்தவன் யார் என்பன அவற்றுக்குத் தெரியா.

கந்தப்பளைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் விறகடுப்புப் புகை தலைமுறைகளாய்ச் சூழ்ந்திருக்கிறது. நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராமை மிஞ்சலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது. லயத்திலோ எந்த மணியும் ஒலிப்பதில்லை.

மணியடிக்க வேண்டிய நம் மலையகச் சிறுகதைகள் சிலவும் கருவியளவில் நின்றுவிடுகின்றன. புகையை நுணுக்கமாக வருணிக்கும் அவை, புகைபோக்கியின்றி லயம் கட்டியவன் யாரென வினவுவதில்லை. இது இயற்பண்புவாதம், யதார்த்தவாதமன்று. காரணமறியாமை கருவிக்குக் குற்றமன்று, எழுத்தாளனுக்குக் குற்றமே.