முகம் வரையக் கற்றுக்கொடுத்தவர்

யதார்த்தவாத ஓவியம் என்றதும் 'கண்ணால் கண்டதை அப்படியே வரைவதுதானே' என்று நம் நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். அப்படியேன்னா எப்படி?

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்கிறவருக்கு முதல் பாடமே கண்ணையும் மூக்கையும் மறப்பதுதான். இமையைப் பாதி மூடிக்கொண்டு பார். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தேங்குகிறது, அந்தத் திட்டுகளை மட்டும் வை. டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சு அடியில், எண்ணெய் கூடியது மேலே. மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடித்துவிடும். ஆளிவிதை எண்ணெய் காய நாட்கள் ஆகும். அந்தத் தாமதத்தில்தான் கன்னத்தின் ஒளியும் நிழலும் கோடு தெரியாமல் ஒன்றிலொன்று கரைகின்றன. நாம் சதை என்று நம்புவது இந்தக் கரைவைத்தான். ஆக, 'அப்படியே' என்பது கண்ணுக்குக் கிடைத்த வரம் அல்ல, கைமாறி வருகிற தொழில். கைமாறுவது என்றால், அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

1862இல், பதினான்கு வயதில், ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள்.

இதை மேதையின் விடாமுயற்சிக் கதையாகவே நமக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். நாயக்கர் அதில் பொறாமைக்காரர். ஆனால் அவருக்கு அந்த நுட்பம்தான் சோறு. எதிரே நின்றவருக்கோ பின்னால் கிளிமானூர் மாளிகை இருந்தது. பொறாமை என்ற ஒரு சொல்லால் இந்த வர்க்க வித்தியாசத்தை மூடிவிட முடியாது. பிள்ளையின் நிலைமை இன்னும் சிக்கல்: எஜமானரிடம் மாட்டினால் பிழைப்பே போய்விடும். 1873 சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. பிள்ளைக்குக் கிடைத்தது அந்த வரலாறுகளில் ஒரு வாக்கியம்.

ரவிவர்மாவின் தேவியர் உருவங்களில் மேல்தட்டு அழகியல் எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று நிறையவே பேசியாகிவிட்டது, அவசியமான பேச்சுதான். ஆனால் அந்த விமர்சனமும் கையெழுத்துப் போட்டவரை மட்டுமே பார்க்கிறது. வண்ணம் அரைத்தவர், திரை இழுத்துக் கட்டியவர், ராத்திரியில் வந்து கற்றுக்கொடுத்தவர், இவர்களையெல்லாம் விட்டுவிட்டு எழுதுகிற கலை வரலாறு, எவ்வளவு புரட்சிகரமாகப் பேசினாலும், அரண்மனைக் குறிப்பேடுதான்.